ஐம்பது அடி டேப்பும் ஐந்தாம் சரணமும்

போன மாதம் வானொலி நிலையத்திலிருந்து ஒரு தொலைபேசி. பேசியவர் நித்யா. நான் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். பழைய டேப்புகளை எல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். கிறிஸ்துமஸ் அலமாரியில் ‘வெள்ளி மொளச்சாச்சு’ என்ற பாட்டுக்கு இரண்டு டேப் இருக்கிறதாம். ஒன்று நான்கு நிமிடம் நாற்பது விநாடி, மற்றது ஆறு நிமிடம் பதினைந்து விநாடி.

“எதைங்க சார் ஏத்தறது? பெருசுல கடைசியில வயசான அம்மா ஒருத்தங்க தனியாப் பாடறாங்க. அதுலயும் ஒரு எடத்துல சத்தம் அமுங்குது. சின்னது நல்லா கிளீனா இருக்குதுங்க.”

ஒரே பொருள் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழித்துவிட வேண்டும் என்பது அரசாங்க விதி. எதைக் கழிப்பது என்பதற்கு விதி கிடையாது. அதைக் கையில் கிடைக்கிற அலுவலரின் அறிவுக்கு விட்டிருக்கிறார்கள். என் அறிவு என்ன செய்தது என்று எனக்குத் தெரியும் என்பதால், “ஒரு வாரம் பொறுங்க, எழுதியே குடுத்தர்றேன்” என்றேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

நான் அவிநாசிப் பக்கத்துக் குடியானவர் வீட்டில் பிறந்து, கோவையில் தமிழ் எம்.ஏ. படித்தவன். சங்கப் பாடல்களைப் பிரித்துப் பொருள் சொல்லத் தெரிந்த என்னை வானொலியில் சேர்த்துக்கொண்டு, விநாடி எண்ணச் சொன்னார்கள். சில வாரம் பயிற்சி தந்தார்கள். அதில் மனத்தில் நின்றவை இரண்டு. ஒன்று, வானொலியில் பாவம் என்று ஒன்றுதான் உண்டு, அது மௌனம். மற்றது, டேப் வெட்டுவது எப்படி என்பது.

டேப் விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க, டேப் சுற்றியிருக்கும் இரண்டு ஸ்பூலையும் கையால் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். அப்போது எவ்வளவு நல்ல பாட்டும் வயிற்றுவலிக்காரன் முனகுவதைப் போலக் கேட்கும். சரியான இடம் வந்ததும் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு. பிறகு டேப்பை அலுமினியக் கட்டையின் பள்ளத்தில் படுக்க வைத்து, பிளேடால் சாய்வாக ஓர் இழுப்பு. நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டக்’கென்று கேட்கும். சாய்வாக வெட்டினால் கேட்பவருக்கு எதுவுமே தெரியாது. எதுவுமே தெரியாமல் வெட்டுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிறிஸ்துமஸ் காலையில் ஒலிபரப்ப, காரமடைப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து எட்டுப் பேரை அழைத்திருந்தோம். டோலக், ஜால்ரா, ஆணும் பெண்ணுமாக எட்டுக் குரல். அவர்கள் பாடியதுதான் ‘வெள்ளி மொளச்சாச்சு’. கும்மி மெட்டு. கேட்ட இடத்திலேயே கால் தட்டும்.

வெள்ளி மொளச்சாச்சு, வாங்கண்ணே – நம்ம
வேந்தன் பொறந்தாச்சு, வாங்கண்ணே

என்று பல்லவி. முதல் சரணத்தில் வெள்ளி முளைக்கிறது, மேய்ப்பர்கள் விழிக்கிறார்கள். இரண்டில் ஆட்டை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். மூன்றில் வீடு வீடாகத் தேடுகிறார்கள். நான்கில் புல்லணையில் பாலனைக் கண்டு மண்டியிடுகிறார்கள். ஐந்தாவதாக ஒரு சரணம் இருந்தது. அதில் ஊரே போனபோது போகாமல் பட்டியில் நின்றுவிட்ட ஒரு மேய்ப்பன் வருகிறான்.

மொத்தம் ஆறு நிமிடம். எனக்குக் கொடுத்திருந்தது, அறிவிப்பையும் சேர்த்து ஐந்து நிமிடம். ஆறு ஐம்பதுக்குத் தொடங்கி ஆறு ஐம்பத்தைந்துக்குள் முடிந்தாக வேண்டும். அதன் பிறகு செய்தி அஞ்சல். அது வேறு ஊரிலிருந்து வருவது. கிறிஸ்து பிறந்தாலும் நிற்காது.

நான் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கதை நான்காம் சரணத்தில் முடிந்துவிட்டது. விவிலியத்தைப் புரட்டிப் பார்த்தேன், நின்றுவிட்ட மேய்ப்பன் என்று எவனும் இல்லை. மஞ்சள் கோடு, பிளேடு, ஒட்டு. எண்பது விநாடி, சரியாக ஐம்பது அடி டேப், என் காலடியில் இருந்த குப்பைக் கூடைக்குப் போயிற்று. கோப்பில் ஒரு குறிப்பும் எழுதினேன்: ‘ஐந்தாம் சரணம் கதைக்குப் புறம்பானது. நேரம் கருதி நீக்கப்பட்டது.’ கீழே கையெழுத்து. ‘இயற்றியவர்’ என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. பாட வந்தவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அதற்குள் அவர்கள் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். ‘மரபுப் பாடல்’ என்று எழுதிக் கட்டத்தை மூடினேன்.

பாட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே டேப்பைப் போட்டோம். சபைகளில் ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்டு, அதைக் கேட்டே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

மூன்றாம் ஆண்டு, நவம்பர் கடைசியில் ஒரு நாள் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள், மடியில் குடையும் ஒரு மஞ்சப்பையுமாக உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும்.

“ஏனுங்க, இந்த ரேடியோவுல பாட்டை வெட்டறது நீங்கதானுங்களா?”

இருபது ஆண்டு சர்வீஸில் என் பணியை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆமாம் என்றேன்.

“எம் பேரு சாராள். மிஷன் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு ஆயாவா முப்பத்து நாலு வருசம் இருந்தனுங்க. வெள்ளி மொளச்சாச்சுல அஞ்சாவது அடியை என்ன பண்ணிப்போட்டீங்க?”

“நேரம் போதலைங்கம்மா.”

“நேரம் போதலீன்னா மொத அடியை வெட்டறதுங்க. வெள்ளி மொளச்சுது, ஓடுனாங்க, கும்புட்டாங்க. அதைச் சொல்றதுக்கு வேதத்துலயே ஆளிருக்குது. நின்னவனைச் சொல்றதுக்கு ஆரிருக்கறா?”

வரவேற்பறைப் பெண் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். அம்மாளை என் அறைக்கு அழைத்துப்போய்த் தேநீர் வரவழைத்தேன். அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதை அவர் சொல்லச் சொல்ல, ‘மரபுப் பாடல்’ என்று நான் எழுதியது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

சாராளின் கணவர் ஞானமுத்து, அந்தச் சபையின் உபதேசியார். சுற்றுப்புறத்தில் ஆடு மேய்ப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்று, அவர்கள் அடிக்கிற கும்மி மெட்டிலேயே நாலு சரணம் கட்டினார். சங்கீதப் பயிற்சியெல்லாம் இல்லை. சைக்கிளில் போகும்போதே கட்டியதுதான். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அதைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனைக்கு டாக்டரம்மா முதல் சமையற்காரர் வரை எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். சாராளும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மாட்டு வண்டி உள்ளே வந்தது. உள்ளே வலி எடுத்த ஒரு பெண். கோயிலுக்கு ஆள் அனுப்பி டாக்டரம்மா வருவதற்குள் தலை தெரிந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்க் கட்டில்மேல் ஏறமாட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே குந்திவிட்டாள்.

“அவ ஏறமாட்டீங்கறா. நான் என்ன பண்றதுங்க? பட்டுச் சேலையோட தரையில மண்டிபோட்டு உக்காந்து பிள்ளையைக் கையில வாங்குனேன். கோயில்ல மணியடிக்குது, இங்க இது அழுகுது.”

“யாருங்கம்மா அந்தக் குழந்தை?”

“ஆரு கண்டா? ரண்டு நாள்ல வண்டி கட்டிப் போயிட்டாங்க. பேருகூட இப்ப நெனப்பில்லீங்க.”

ஆராதனை முடிந்து வந்த பெண்கள், ஆண்டவர் பிறந்த நாளில் உபதேசியார் மனைவியே கோயிலுக்கு வரவில்லை என்று பேசினார்களாம். அடுத்த ஆண்டு பாட்டுக்காரர்கள் நான்காம் சரணத்தை முடித்து டோலக்கை இறக்கியபோது, கடைசி வரிசையிலிருந்து சாராள் ஐந்தாவதை எடுத்துப் பாடினார்.

எல்லாரும் போனாங்க பெத்தலகேம் ஊருக்கு
ஒருத்தன் மட்டும் நின்னானே ஈனுற ஆட்டுக்கு
போனவங்க மண்டிபோட்டாங்க புல்லணை முன்னாலே
நின்னவனும் மண்டிபோட்டான் பட்டிக்கு உள்ளாலே

“வீட்டுக்காரரு ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தவரு கேட்டாரு, ‘ஏன் சாரா, வேதத்துல இப்படி ஒரு மேய்ப்பன் இல்லியே’ன்னு. ‘எல்லாரும் போயிட்டாங்கன்னா ஆட்டை ஆருங்க பார்த்துக்கிட்டது?’ன்னு கேட்டேன். அந்த மனுசன் சோத்துல கையை வெச்சவரு வெச்சபடியே இருந்தாரு. அடுத்த வருசம் அவரே அஞ்சையும் சேர்த்து எழுதிப் பாடச் சொல்லிப்போட்டாரு.”

விவிலியத்தை நானும் புரட்டிப் பார்த்தவன்தான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. எம்.ஏ.வில் அதைக் கேட்கச் சொல்லித்தரவில்லை.

அவர் வந்த காரணம் இதற்கு மேல்தான் இருந்தது. ஞானமுத்து காலமாகிவிட்டார். சபைக்குப் புதிய போதகர் வந்து, அந்தப் பக்கத்துப் பாட்டுகளை எல்லாம் திரட்டி ஒரு புத்தகம் போடுகிறார். அதில் இந்தப் பாட்டுக்கு நான்கு சரணம்தான். சாராள் போய்க் கேட்டதற்கு, வானொலியில் நான்குதான் வருகிறது, படித்தவர்கள் காரணமில்லாமல் விடமாட்டார்கள், அதுதான் சரியான பாடம் என்றாராம்.

“சனவரியில அச்சுக்குப் போகுதுங்க. அச்சுல நாலுன்னா அப்பறம் எப்பவும் நாலுதான். கொழந்தைகளைக் கேட்டாலும் ‘ரேடியோவுல நாலுதானுங்க ஆயா’ங்குதுக.”

“போதகருக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தர்றேங்கம்மா. உங்க பேரையும் சேர்க்கச் சொல்றேன்.”

“பேரைத் தூக்கிக் கெடாசுங்க. கடுதாசியைப் பார்த்து ஆராச்சும் பாடுவாங்களா? சனங்க காதுல கேட்டுத்தான் பாடறாங்க. அன்னிக்குக் கோயிலுக்கு வரமுடியாதவிக எத்தனை பேரு இருக்கறாங்க! ஆஸ்பத்திரியில இருக்கறவ, மில்லுல பாய்லர் பார்க்கறவன், படுத்த படுக்கையா இருக்கற மாமியாக்காரிக்குக் கஞ்சி ஊத்தறவ. அவிகளுக்கு அந்தப் பாட்டுல இருந்தது அந்த ஒரே அடிதான். நீங்க வெட்டுனீங்க, நீங்களே ஒட்டுங்க.”

தேநீரைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே கோப்பைத் திறந்தேன். வரும் கிறிஸ்துமஸ் காலையில் ஐந்து சரணமும் ஒலிக்க வேண்டும். கையில் இருந்தது நான்கு வாரம்.

இனி எங்கள் நிலைய இயக்குநர் வரதராஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எந்தக் கோப்பையும் மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. பச்சை மையில் ‘பேசவும்’ என்று ஒரே சொல் எழுதித் திருப்பி அனுப்புவார். பேசப் போனால், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் நமக்கும் அவருக்கும் நடுவில் வைப்பார். நாம் பேசுவோம். அவர் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார். முள் ஒரு சுற்று முடிந்ததும் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வார். அதற்குள் சொல்லி முடிக்க முடியாத எதுவும் வானொலிக்கு உரியதல்ல என்பது அவர் கொள்கை. ஒரு தடவைகூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கடிகார வாரின் கொக்கி ‘க்ளிக்’ என்று விழும் ஓசைதான் அந்த நிலையத்தில் எல்லாரும் அஞ்சிய ஓசை.

முதல் ‘பேசவும்’. அந்த எட்டுப் பேரையும் மறுபடி அழைத்துப் பதிவு செய்யலாம் என்று எழுதியிருந்தேன்.

“விசாரித்தீர்களா?” என்றார்.

விசாரித்திருந்தேன். பாதிப் பேர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார்கள். குழு கலைந்தால், வானொலியில் பாடத் தகுதி தரும் குரல் தேர்வும் செல்லாது. புதிதாகத் தேர்வு பெற ஆறு மாதமாவது ஆகும்.

“அப்படியானால் அந்த வழி இல்லை.” க்ளிக்.

இரண்டாவது ‘பேசவும்’. இருக்கிற நான்கு சரணத்தோடு, ஐந்தாவதைச் சாராள் அம்மாளையே பாடவைத்து ஒட்டலாம் என்று எழுதியிருந்தேன்.

“அவர் குரல் தேர்வு பெற்ற பாடகரா?”

“இல்லை சார். ஆனால் நேர்காணலுக்கு வருபவருக்குக் குரல் தேர்வு தேவையில்லை. பேச்சின் நடுவே எடுத்துக்காட்டாகப் பாடிக் காட்டலாம். மாதர் நிகழ்ச்சிக்கு அவரை நேர்காணலுக்கு அழைக்கிறேன். அந்த ஒலிப்பதிவிலிருந்து ஒரு பகுதியை வேறு நிகழ்ச்சியில் பயன்படுத்த விதி இடம் தருகிறது.”

இயக்குநர் முள்ளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். இன்னும் பதினைந்து விநாடி மிச்சம் இருந்தது. “விதிகளை நீங்கள் படிப்பது உண்டு போலிருக்கிறது” என்றார். க்ளிக். அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

சாராளை ஸ்டுடியோவில் உட்கார வைத்தோம். இன்ஜினியரிங் பிரிவின் பழனிச்சாமி மைக்கைச் சரிசெய்தார். வெள்ளலூர்க்காரர். மெஷினை மாட்டைப்போலத் தட்டிக் கொடுத்து வேலை வாங்குபவர்.

“ஏனுங்கம்மா, மைக்குக்குப் பக்கமா வாங்க. அது கடிக்காதுங்க.”

“கடிச்சா கடிக்கட்டும் கண்ணு. நான் பார்க்காத பல்லா?”

நின்றுகொண்டுதான் பாடுவேன் என்றார். நின்றார். கரகரத்த குரல். மேல் ஸ்தாயி போகவில்லை. போக முயலவும் இல்லை. டோலக் இல்லாததால் மெட்டு கும்மியிலிருந்து இறங்கித் தாலாட்டின் பக்கமாக வந்துவிட்டது. ஒரு நிமிடம் முப்பத்தைந்து விநாடி.

“அம்மா, குழு பாடினது எண்பது விநாடிதான். ஒரு பத்து விநாடி வேகமாப் பாட முடியுங்களா?”

“அவசரப்படுத்துனா தலை மாட்டிக்கும் கண்ணு” என்றார், வார்டில் சொல்லும் அதே தொனியில். பழனிச்சாமி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில், ஒலி அளவு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது. நான் மறுபடி கேட்கவில்லை.

பழைய டேப்பைப் பிரதி எடுத்து, அதன் முடிவில் இதை ஒட்டினால் ஆறு நிமிடம் பதினைந்து விநாடி. கொடுத்திருப்பதோ ஐந்து நிமிடம். ஆகவே மூன்றாவது ‘பேசவும்’. இந்தத் தடவை இயக்குநர் கடிகாரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் கோப்பின் பழைய பக்கம் ஒன்றைப் புரட்டி என் பக்கம் திருப்பினார்.

“‘கதைக்குப் புறம்பானது’ என்று எழுதியவர் யார்?”

“நான்தான் சார்.”

“இப்போது?”

“கதை புரியாமல் எழுதிவிட்டேன், சார்.”

அவர் கடிகாரத்தை வைத்தார். நான் ஒரு தாளை வைத்தேன். பாட்டுக்கு முன்னால், ஆறு நாற்பத்தெட்டு முதல் ஆறு ஐம்பது வரை சந்தை நிலவரம். பருத்தி, கொப்பரை, மஞ்சள் விலைகள். கிறிஸ்துமஸ் அன்று விற்பனைக் கூடம் விடுமுறை, விலையே கிடையாது. அந்த இரண்டு நிமிடத்தை வழக்கமாக வீணையால் நிரப்புவோம். வீணையை எடுத்துவிட்டால் மொத்தம் நானூற்றிருபது விநாடி. ‘இன்று சந்தை விடுமுறை’ என்று சொல்லப் பத்து. பாட்டின் அறிவிப்புக்கு, இந்தத் தடவை இயற்றியவர்கள் பெயரும் சேர்வதால், இருபத்தைந்து. பாட்டு முந்நூற்று எழுபத்தைந்து. செய்தி அஞ்சலுக்கு மாற விதிப்படி பத்து. மிச்சம் பூஜ்யம்.

அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

“வீணை கேட்பவர்கள் ஏமாற மாட்டார்களா?”

“கொப்பரை விலைக்காகக் காத்திருப்பவர்கள் வீணையைக் கேட்டதாக இதுவரை கடிதம் வந்ததில்லை, சார்.”

முள் ஒரு சுற்று முடித்துவிட்டது. அவர் கடிகாரத்தை எடுக்கவில்லை. பேனாவை எடுத்தார். பச்சை மையில் ‘பேசியாயிற்று’ என்று எழுதினார். அந்தச் சொல்லை அவர் எழுதி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கிறிஸ்துமஸ் காலை ட்யூட்டி எப்போதும் என்னுடையது. பொங்கலன்று எனக்குப் பதிலாக ஒரு கிறிஸ்தவ நண்பர் உட்காருவார். அது எங்களுக்குள் எழுதாத விதி. கண்ட்ரோல் ரூமில் நானும் பழனிச்சாமியும். முதல் மெஷினில் பாட்டு. இரண்டாவதில், நடைமுறைப்படி, மாற்று டேப்பாக அதே வீணை. எதாவது கோளாறு என்றால் பாட்டை நிறுத்தி, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று சொல்லி, வீணையைப் போட வேண்டும். அந்த நடைமுறையைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் குறிப்பை எழுதியவனே நான்தான்.

சந்தை விடுமுறை. அறிவிப்பு. ‘இயற்றியவர்கள் ஞானமுத்து, சாராள்’ என்று அறிவிப்பாளர் படித்தார். பாட்டு தொடங்கியது. மூன்று சரணம் போயிற்று. நான்காம் சரணத்தின் கடைசிப் பல்லவியில், ஓடிய டேப்பைச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூல் நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டது. டேப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிய டேப் சேமியாவைப்போல மெஷினிலிருந்து தொங்கித் தரையில் விழுந்தது.

அந்த மெஷினில் ஒரு சின்ன இரும்புக் கை உண்டு. டேப் இறுக்கமாக இருக்கும்வரை அது மேலே நிற்கும். டேப் தளர்ந்தால் கீழே இறங்கும். இறங்கினால் மெஷின் தானாக நின்றுவிடும். அது இறங்கிக்கொண்டிருந்தது.

“சார், வீணையைப் போட்டர்லாங்களா?” பழனிச்சாமியின் விரல் பொத்தான்மேல் இருந்தது.

“கையை எடுங்க.”

மெஷின் இருந்தது ரேக்கின் கீழ்த்தட்டில். குனிந்தால் எட்டாது. மண்டியிட்டேன். இடது ஆள்காட்டி விரலால் இரும்புக் கையைத் தூக்கிப் பிடித்தேன். வலது கையால் வெளியே வரும் டேப்பை, அது வருகிற வேகத்திலேயே இழுத்தேன். வேகமாக இழுத்தால் குரல் கீச்சிடும். மெதுவாக இழுத்தால் டேப் சுருண்டு உருளையில் சிக்கும். விநாடிக்கு ஏழரை அங்குலம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு என்று அன்றுதான் என் கைக்குத் தெரிந்தது.

எட்டுக் குரலும் டோலக்கும் நின்றன. ஒட்டு கடந்து போவதை விரல் நுனியில் உணர்ந்தேன். சாராள் தனியாகப் பாடத் தொடங்கினார். எல்லாரும் போனாங்க. முழங்கால் சிமெண்டுத் தரையில் வலித்தது; சற்று நகர்த்தி வைத்தேன். கீழே விழுந்து கிடந்த டேப்பின்மேல் அது அழுந்தியது. ஒருத்தன் மட்டும் நின்னானே. என் கவனமெல்லாம் அந்த இரும்புக் கைமேல். பாட்டைக் கேட்க எனக்கு நேரமே இல்லை. அந்த மேய்ப்பனுக்கும் அன்று தேவதூதர் பாடியதைக் கேட்க நேரம் இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசி வரி முடிந்தது. பத்து விநாடி. பழனிச்சாமி செய்தி அஞ்சலுக்கு மாற்றினார். ஆறு ஐம்பத்தைந்து, விநாடி பிசகவில்லை. நான் எழுந்திருக்கவில்லை, கால் மரத்துப்போயிருந்தது.

பழனிச்சாமி என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். “ஏனுங்க சார், கோயிலுக்கும் போகாம, இங்கியே மண்டி போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க?”

நான் டேப்பின் நுனியைத் தேடத் தொடங்கினேன். அவரும் வந்து பக்கத்தில் மண்டியிட்டார். இரண்டு பேருமாகத் தரையில் கிடந்த டேப்பைச் சிக்கெடுத்துக் கையால் சுற்றினோம்.

கோளாறு அறிக்கையை நானே எழுதினேன். மாற்று டேப்பைப் போடாமல் விட்டதையும் மறைக்காமல் எழுதினேன். மறுநாள் ‘பேசவும்’. கடிகாரம் மேஜைக்கு வந்தது.

“நடைமுறை உங்களுக்குத் தெரியும். ஏன் வீணையைப் போடவில்லை?”

“போட்டிருந்தால் ஐந்தாம் சரணம் இரண்டாம் முறையும் வெட்டுப்பட்டிருக்கும் சார். அதே ஆள் கையால்.”

மிச்சமிருந்த நேரம் முழுவதும் இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். க்ளிக். மாலையில் குறிப்பாணை வந்தது: ‘இனி இவ்வாறு நிகழாவண்ணம் எச்சரிக்கப்படுகிறார்.’ என் சர்வீஸிலேயே நான் வாங்கிய எச்சரிக்கை அது ஒன்றுதான். பாராட்டுக் கடிதங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. அது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

மார்ச்சு மாதம் தபாலில் அந்தப் பாட்டுப் புத்தகம் வந்தது. ஐந்து சரணம். ஐந்தாவதற்கு ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில் ‘வானொலி ஒலிபரப்பின்படி’ என்று இருந்தது. போதகர் தன் கொள்கையிலிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை. இயற்றியவர் ஞானமுத்து மட்டுமே. அதைத் திருத்தச் சொல்லி எழுதட்டுமா என்று சாராளுக்கு ஓர் அட்டை போட்டேன். பதில் இரண்டே வரி: ‘அவர் பேர் இருக்கட்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் கிறிஸ்துமஸ் அன்று ட்யூட்டியில் இருந்த பிள்ளைகள் ரேடியோ வைத்துக் கேட்டார்களாம்.’

கிறிஸ்துமஸ் பாட்டுகள் எல்லாம் வா, வா என்றுதான் அழைக்கின்றன. வர முடியாதவனிடம் போய், நீ இருக்கிற இடமே போதும், முழங்காலை மட்டும் மடக்கு என்று சொல்கிற பாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கும்பிடுவதற்கு மடங்குகிற முழங்காலும் ஈனும் ஆட்டுக்கு மடங்குகிற முழங்காலும் ஒன்றே என்று ஒரு பிரசவ வார்டு ஆயா கண்டுபிடித்து, கும்மி மெட்டில் நாலு வரியில் வைத்தார். அதை நான் எண்பது விநாடி என்று கணக்கிட்டேன்.

ஆகவே, நித்யா, உங்கள் கேள்விக்குப் பதில்.

ஏற்ற வேண்டியது ஆறு நிமிடம் பதினைந்து விநாடி டேப். ‘இயற்றியவர்’ கட்டத்தில் இரண்டு பேரையும் எழுதவும். ஒரு பேர் எழுதும் அளவுக்குத்தான் கட்டம் இருந்தால், கட்டத்தைப் பெரிதாக்கவும். ஐந்தாம் சரணத்தின் முதல் வரியில் சத்தம் ஒருமுறை அமுங்கும். சரிசெய்யட்டுமா என்று கணினி கேட்கும். வேண்டாம் என்று சொல்லவும். அது என் முழங்கால் பட்ட இடம்.

நான்கு நிமிடம் நாற்பது விநாடி டேப்பைக் கழித்துவிடலாம். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விடக் கூடாது. எழுத வேண்டிய வாசகம் என் பழைய கையெழுத்தோடு கோப்பிலேயே இருக்கிறது. எழுத்து மாறாமல் அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளவும்:

கதைக்குப் புறம்பானது.